கியர் மோட்டார் வாங்கும் முன்: ஹெச்.பி.யை ஓரம் வைத்துவிட்டு டார்க்கைக் (சுழற்றும் முறுக்கு விசையைக்) கணக்குப் போடுங்கள்

"அண்ணா, ஏழரை ஹெச்.பி. கியர் மோட்டார் ஒண்ணு வேணும், என்ன விலை?" என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் நம் ஊர் வழக்கம். (மோட்டாரும் அதன் வேகத்தைக் குறைக்கிற பல்சக்கரப் பெட்டியும், அதாவது கியர்பாக்ஸும், சேர்ந்ததுதான் கியர் மோட்டார்.) கடைக்காரரும் ஒரு விலை சொல்லிவிடுவார். எந்த மெஷினுக்கு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஒரு ஷிஃப்டா மூன்று ஷிஃப்டா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து சாஃப்ட் முறிந்ததும் "சரக்கு சரியில்லை" என்று சண்டைக்குப் போகிறோம். நான் பிரித்துப் பார்த்த கியர்பாக்ஸ்களில் பல் தேய்ந்து செத்தவை குறைவு. தப்பாகத் தேர்ந்தெடுத்ததாலும் தப்பாக மாட்டியதாலும் செத்தவைதான் அதிகம்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்கிறேன். கல் கிரஷரில் எம்-சாண்டை மேலே ஏற்றுகிற சாய்வு கன்வேயர். பெல்ட் 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம் ஏறுகிறது, மணிக்கு 100 டன் போக வேண்டும், பெல்ட் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், தலைப்பக்க டிரம் விட்டம் 400 மி.மீ. பக்கெட் எலிவேட்டரோ மிக்ஸரோ வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான், எண்கள்தான் மாறும்.

முதலில் வேகம்

டிரம் எத்தனை ஆர்.பி.எம். ஓட வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சுற்றுக்குப் பெல்ட் நகர்கிற தூரம் 3.14 × 0.4, அதாவது 1.256 மீட்டர். 1.5ஐ 1.256ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 72 ஆர்.பி.எம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நாலு போல் மோட்டார் லோடில் ஓடுவது 1,440 சுற்று அளவில் (நேம் பிளேட்டில் 1,500 என்று யாரும் போட மாட்டார்கள், அது காந்தப்புலம் சுற்றுகிற வேகம்). 1,440ஐ 72ஆல் வகுத்தால் 20. ஆக கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைக்க வேண்டிய அளவு, அதாவது ரேஷியோ, 20:1.

இங்கே ஒரு சின்ன பள்ளம் இருக்கிறது. டிரம்முக்கு மேல் 10 மி.மீ. ரப்பர் லேகிங் ஒட்டியிருந்தால் விட்டம் 400 இல்லை, 420. பெல்ட் 5 சதவீதம் வேகமாகப் போகும், லோடும் அதற்கேற்பக் கூடும். ட்ராயிங்கில் இருப்பதை நம்பாமல் டிரம்மைச் சுற்றி டேப் பிடித்துவிடுவது நல்லது.

அப்புறம் பவர்

மணிக்கு 100 டன் என்றால் நொடிக்கு 27.8 கிலோ. அதை 6 மீட்டர் தூக்க 27.8 × 9.81 × 6, சுமார் 1.6 கிலோவாட். பெல்ட், ரோலர், டிரம் பேரிங் உராய்வுக்கு இந்த நீளத்தில் இன்னும் ஒன்றே கால், ஒன்றரை. ஹாப்பர் ஓரத்து ஸ்கர்ட் ரப்பரும் ஸ்கிராப்பரும் கொஞ்சம் தின்னும். மொத்தத்தில் டிரம்மில் 3.5 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கியர்பாக்ஸில் 5 சதவீதம் போனால் மோட்டார் கொடுக்க வேண்டியது 3.7, அது அப்படியே 5 ஹெச்.பி. மோட்டார்தான். விளிம்பில் ஓட்டுவது. மழையில் நனைந்த மணலும், கரண்ட் போய் பெல்ட் நிறைய லோடோடு நின்றுவிட்டு மறுபடி கிளப்புவதும் கிரஷரில் தினசரிக் கதை. அதனால் 5.5 கிலோவாட், அதாவது ஏழரை ஹெச்.பி. போனில் கேட்ட அதே ஏழரைதான் வந்தது, ஆனால் இப்போதுதான் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

டார்க், சர்வீஸ் ஃபேக்டர்: முழு விஷயமும் இங்கேதான்

ஒரு சூத்திரம் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டார்க் = 9,550 × கிலோவாட் ÷ ஆர்.பி.எம். விடை நியூட்டன் மீட்டரில் வரும். 9,550 × 5.5 ÷ 72 போட்டால் 730 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் சாஃப்டில் வருகிற முறுக்கு இது. (கியர் நஷ்டத்தைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும், பாதுகாப்புக்காக நான் கழிப்பதில்லை.)

இதே ஏழரை ஹெச்.பி. மோட்டாரை 20 ஆர்.பி.எம். ஓடுகிற ஒரு ஸ்க்ரூ ஃபீடரில் போட்டால் டார்க் 2,600ஐத் தாண்டிவிடும். ஹெச்.பி. ஒன்றுதான், கியர்பாக்ஸ் மூன்றரை மடங்கு டார்க்கைத் தாங்க வேண்டும். ஹெச்.பி. மட்டும் சொல்லி கியர் மோட்டார் கேட்பது, இடுப்பளவு சொல்லாமல் பேன்ட் கேட்பது மாதிரி.

730 தாங்குகிற பெட்டி வாங்கினால் போதுமா? போதாது. கேட்லாகில் போட்டிருக்கிற டார்க், லோடு சீராக, அடி உதை இல்லாமல், நாளுக்கு எட்டுப் பத்து மணி நேரம் ஓடுகிற மெஷினை மனதில் வைத்துப் போட்டது. உங்கள் மெஷின் அப்படி இல்லையென்றால் அதற்கு வேண்டிய டார்க்கைப் பெருக்க ஒரு எண் இருக்கிறது, அதுதான் சர்வீஸ் ஃபேக்டர். ஃபேன், லேசான கன்வேயருக்கு 1, நடுத்தர அதிர்ச்சி உள்ள மெஷினுக்கு 1.4, கடுமையான அடி வாங்குகிற மெஷினுக்கு 2 என்று அமெரிக்க முறையில் மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் ஓடும் நேரம், மணிக்கு எத்தனை முறை ஸ்டார்ட், லோடு எப்படி என்று ஒரு கிராஃப் கொடுத்திருப்பார்கள்.

நம் கன்வேயர் நாளுக்கு 16 மணி நேரம், லோடோடு ஸ்டார்ட். 1.75 போடுகிறேன். 730 × 1.75, சுமார் 1,280. அந்த அளவாவது தாங்குகிற பெட்டி வேண்டும்.

இப்போது கொட்டேஷன் வருகிறது. இரண்டுமே 5.5 கிலோவாட், 72 ஆர்.பி.எம். ஒன்று விலை நன்றாகவே குறைவு. முதலாளி அதைத்தான் கை காட்டுவார். கடைசிப் பத்தியில் சர்வீஸ் ஃபேக்டர் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். விலை குறைந்ததில் 1.1 என்று இருக்கும், மற்றதில் 2.1. முதல் பெட்டி தாங்குவது 820 நியூட்டன் மீட்டர், இரண்டாவது 1,550. விலை வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். கொட்டேஷனில் இந்த எண்ணே இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் எனக்கு வேலை இல்லை.

எந்த வகை கியர்

வோர்ம் கியர்பாக்ஸ் (திருகு மாதிரித் தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுவது) மலிவு, சத்தம் இல்லை, சின்ன இடத்தில் அடங்கும். ஆனால் வெண்கலச் சக்கரத்தின் மேல் வோர்ம் வழுக்கிக்கொண்டேதான் ஓடும், அதனால் சூடும் நஷ்டமும் அதிகம். 20:1இல் 82 சதவீத அளவு திறன் கிடைக்கலாம், 60:1க்குப் போனால் 60களுக்கு இறங்கிவிடும். ஹெலிகல் கியரில் (பல் சாய்வாக வெட்டியது) ஒரு ஸ்டேஜுக்கு, அதாவது ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு, நஷ்டம் 2 சதவீதம்தான், பெவல் ஹெலிகலில் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் வகை) மொத்தத் திறன் 95 சதவீதம் வரும்.

நம் கன்வேயரில் டிரம்முக்கு 3.5 கிலோவாட் போக வோர்ம் வழியாக 4.27 கொடுக்க வேண்டும், பெவல் ஹெலிகல் வழியாக 3.68. வித்தியாசம் 0.59 கிலோவாட். 16 மணி நேரம், 300 நாள் ஓட்டினால் வருடத்துக்கு 2,800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே 22,000 ரூபாய்க்கு மேல். வோர்மில் மிச்சம் பிடித்த பணம் கரண்ட் பில்லில் போய்விடுகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிற கேட்டுக்கோ டர்ன்டேபிளுக்கோ வோர்ம் தாராளமாகப் போடலாம், அங்கே இந்தக் கணக்கே வராது.

"வோர்ம் போட்டால் பெல்ட் பின்னால் ஓடாது, தானே லாக் ஆகிடும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதிர்வு இருந்தால், ஆயில் சூடாகி வழுவழுப்பு கூடினால், நிற்கும் என்று நினைத்தது மெதுவாக நழுவ ஆரம்பிக்கும். குறைந்த ரேஷியோவில் அந்த லாக்கே கிடையாது. சாய்வு கன்வேயருக்கு பேக்ஸ்டாப் (பின்னால் சுற்ற விடாத பூட்டு) தனியாக வேண்டும், ஹாய்ஸ்டுக்கு பிரேக் மோட்டார் வேண்டும். ஆள் கீழே நிற்கிற இடம், இதில் பேரம் பேசாதீர்கள்.

பிளானெட்டரி (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள் ஓடும் கியர்பாக்ஸ்) பற்றி ஒரு வரி: ரொம்பக் குறைந்த வேகம், ரொம்பப் பெரிய டார்க், இடம் சின்னது என்றால் அது. நம் வேலைக்குத் தேவையில்லை.

மோட்டார், ஸ்டார்ட்டர்

கிரஷர் தூசிக்கு ஐ.பி. (தூசி, தண்ணீர் உள்ளே போகாத பாதுகாப்பு எண்) 55க்குக் கீழே வாங்க வேண்டாம், தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற இடமென்றால் ஐ.பி. 65. வைண்டிங் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்கிற இன்சுலேஷன் கிளாஸ் எஃப் இருக்கட்டும். நேம் பிளேட்டில் ஐ.இ.3 (மோட்டாரின் திறன் வகுப்பு) இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட்டர் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டார் டெல்டா (முதலில் குறைந்த வோல்ட்டில் கிளப்பி, பிறகு முழு வோல்ட்டுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர்) போட்டால் கிளம்பும்போது கரண்ட் மூன்றில் ஒன்றாகக் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டார்ட்டிங் டார்க்கும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்பது மறந்துவிடும். மணலோடு நின்ற பெல்ட்டை அந்த டார்க் நகர்த்தாது, மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், டைமர் டெல்டாவுக்கு மாற்றும்போது மொத்த அடியும் ஒரே நேரத்தில் கியர் பல்லில் விழும். இந்த அளவு மோட்டாருக்கு முழு வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கிற டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போதும், அல்லது ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டி.ஓ.எல்.இல் மோட்டார் தன் டார்க்கைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு உதைக்கும். 730க்கு அது 1,800 வரை. 820 தாங்குகிற பெட்டி ஏன் பயமாக இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

வி.எஃப்.டி. போட்டு 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவதாக இருந்தால் மோட்டாரின் வால்பக்க ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது. தனி மோட்டார் வைத்த கூலிங் ஃபேன் கேட்டு வாங்குங்கள், வைண்டிங்கில் சூட்டை உணர்கிற தெர்மிஸ்டரும் வைக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோட் ரிலேவை நேம் பிளேட் ஆம்பியருக்கு வையுங்கள். 5.5 கிலோவாட்டுக்கு 415 வோல்ட்டில் அது 11 ஆம்பியர் பக்கம் இருக்கும். டிரிப் ஆகிறது என்று 14க்குத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற எலக்ட்ரீஷியன் எல்லா ஊரிலும் இருக்கிறார். ஒரு பேஸ் போனால் காட்டிக்கொடுக்கிற ரிலேயும் கட்டாயம், மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

மாட்டுவது

இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது ஹாலோ சாஃப்ட் (உள்ளே துளை உள்ள சாஃப்ட்) வைத்த பெவல் ஹெலிகல். டிரம் சாஃப்டிலேயே கியர்பாக்ஸை ஏற்றிவிடலாம், கப்ளிங் இல்லை, அலைன்மென்ட் தலைவலி இல்லை. பெட்டி சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு டார்க் ஆர்ம், அவ்வளவுதான்.

அந்த டார்க் ஆர்மில்தான் கதை. ஒரு கிரஷரில் நாலே மாதத்தில் அவுட்புட் பேரிங் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். புதுப் பேரிங் போட்டும் மூன்று மாதத்தில் அதே சத்தம். போய்ப் பார்த்தால் ரப்பர் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் புஷ் இல்லை. ஃபிட்டர் ஆர்மையும் ஸ்ட்ரக்சரையும் சேர்த்து 12 மி.மீ. பிளேட் வைத்து, சுற்றிலும் அழகாக வெல்டிங் அடித்திருந்தார். "ஆடிக்கிட்டே இருந்துச்சுங்க, அதான் ஸ்ட்ராங் பண்ணேன்" என்றார். டிரம் சாஃப்ட் எதுவும் நூறு சதவீதம் நேராக இருக்காது, அரை மி.மீ. ஓட்டம் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கியர்பாக்ஸ் லேசாகத் தலையாட்டும். ஆட வேண்டும். ஆட விடாமல் கட்டிப்போட்டால் அந்த அரை மி.மீ. முழுவதும் பேரிங்கைத்தான் பிடித்து வளைக்கும். வெல்டிங்கை வெட்டி, புஷ்ஷும் ஒரு போல்ட்டும் போட்டோம். அதன் பிறகு பேரிங் மாற்ற என்று அவர்கள் கூப்பிடவில்லை.

ஹாலோ சாஃப்டை ஏற்றும் முன் டிரம் சாஃப்டில் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். தடவாவிட்டால் மூன்று வருடம் கழித்துக் கழற்றும்போது கேஸ் கட்டிங் வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எதையும் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், அடி பேரிங் குண்டுகளில் போய்ப் பள்ளம் போடும். சாஃப்ட் முனையில் ஒரு மரை போட்ட ஓட்டை இருக்கும், போல்ட்டும் தடித்த வாஷரும் போட்டு இழுத்து ஏற்றவே அது. கப்ளிங்கோ ஸ்பிராக்கெட்டோ என்றால் 80, 100 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக வழுக்கிக்கொண்டு ஏறும்.

செயின் டிரைவ்தான் வைப்பேன் என்றால் சாஃப்டில் விழுகிற பக்கவாட்டு இழுவையைக் கணக்குப் பாருங்கள். 200 மி.மீ. ஸ்பிராக்கெட், 730 நியூட்டன் மீட்டர் என்றால் இழுவை 7,300 நியூட்டன், செயினுக்கான 1.25ஆல் பெருக்கினால் 9,100. கிட்டத்தட்ட 930 கிலோ எடையைச் சாஃப்டில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இதை 100 மி.மீ. ஸ்பிராக்கெட்டில் செய்தால் இழுவை இரட்டிப்பாகும். கேட்லாகில் ஓவர்ஹங் லோடு என்று ஒரு எண் இருக்கும், அதற்குள் அடங்க வேண்டும். ஸ்பிராக்கெட் கியர்பாக்ஸ் தோளை ஒட்டி இருக்கட்டும், சாஃப்ட் நுனியில் வேண்டாம்.

ஃபுட் மவுன்ட் என்றால் நாலு காலும் பேஸில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். ஒரு கால் தூக்கியிருந்து போல்ட்டை இறுக்கினால் பெட்டியே முறுக்கிக்கொள்ளும்.

ஆயில்

வாங்கும்போதே பெட்டி எந்த நிலையில் நிற்கப் போகிறது என்று சொல்ல வேண்டும். படுத்தா, மோட்டார் மேலேயா, கீழேயா என்று எம்1 முதல் எம்6 வரை ஆறு நிலை உண்டு. ஒரே பெட்டி நிமிர்ந்து நின்றால் படுத்த நிலையைவிட இரண்டு மடங்கு ஆயில்கூடக் கேட்கும். படுக்க வைக்க வாங்கியதைச் சும்மா நிமிர்த்தி மாட்டினால் மேல் பேரிங்குக்குச் சொட்டு ஆயில் போகாது.

ஹெலிகலுக்கு நம் வெயிலில் பெரும்பாலும் வி.ஜி. (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) 220 அல்லது 320, வோர்முக்கு 460 கேட்பார்கள். நேம் பிளேட்டில் இருப்பதே இறுதி. வோர்மில் கண்ட இ.பி. ஆயிலை (அதிக அழுத்தம் தாங்க ரசாயனம் சேர்த்தது) ஊற்ற வேண்டாம், சில வகையில் உள்ள கந்தகம் வெண்கலச் சக்கரத்தை அரித்துவிடும். இன்னொன்று, பாலிகிளைகால் சிந்தெடிக் ஆயில் இருக்கிற பெட்டியில் சாதா மினரல் ஆயிலை டாப்-அப் செய்தால் இரண்டும் சேராது, திரிந்த பால் கதைதான்.

லெவல் பார்க்க மெஷினை நிறுத்தி, சற்று ஆறவிட்டு, பக்கவாட்டு லெவல் பிளக்கைத் திறங்கள். ஓட்டையின் விளிம்பில் ஆயில் தளும்ப வேண்டும். குறைவு ஆபத்து என்று தெரியும், அதிகமும் ஆபத்து. கியர் அதைக் கடைந்து கடைந்து நுரையாக்கிச் சூடேற்றும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் வேலை மெக்கர், அதாவது வைண்டிங் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர். 500 வோல்ட்டில் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், குடோனில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த மோட்டார் என்றால் இதைத் தவறவே விடாதீர்கள்.

அடுத்தது சுற்றும் திசை, பேக்ஸ்டாப் வைத்த பெட்டியில் இது உயிர்நாடி. பேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் கிளம்பினால் பேக்ஸ்டாப் விடாது, மோட்டார் முழு டார்க்கில் அதோடு மல்லுக்கட்டும், ஒரு நொடியில் ஏதாவது ஒன்று உடையும். மீட்டர் வைத்து பேஸ் சீக்வென்ஸ் பார்த்துவிட்டு, பெட்டி மேல் உள்ள அம்புக்குறியோடு சரிபார்த்து, அப்புறம் பட்டனைத் தொடுங்கள்.

சும்மா ஒரு மணி நேரம் ஓடட்டும். கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸும் ஒத்த கரண்ட் காட்டுகிறதா பாருங்கள். அப்புறம் கால் லோடு, அரை லோடு, முழு லோடு. கியர்பாக்ஸ் மேலே கை வைக்க முடியவில்லை என்று பதற வேண்டாம், 60 டிகிரியிலேயே கை தாங்காது. வோர்ம் பெட்டி 80 வரை போவது சகஜம். நேற்று 65, இன்று அதே லோடில் 80 என்றால்தான் கவலை. அதனால் முதல் வாரத்திலேயே சூட்டையும் ஆம்பியரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மினரல் ஆயில் என்றால் முதல் 500 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம், புதுப் பற்கள் உரசி விட்ட பொடி அதோடு வந்துவிடும். டிரெயின் பிளக் காந்தத்தில் மை மாதிரி பொடி ஒட்டியிருந்தால் சரி, செதில் செதிலாக மின்னினால் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் பிறகு 10,000 மணி நேரம் அல்லது இரண்டு வருடம், எது முந்துகிறதோ அது. ஆயில் சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பதால் வெயிலில் காய்கிற பெட்டிக்கு மேல் ஒரு தகரம் போட்டுவிடுவதும் பராமரிப்புதான். மோட்டார் மேல் படிகிற எம்-சாண்ட் தூசியை வாரம் ஒருமுறை தட்டுங்கள், அந்த ஃபின்கள் அடைத்தால் காற்று போக வழியில்லை.

கடைசியாக ப்ரீதர். பெட்டியின் மேலே இருக்கிற அந்தச் சின்ன பிளக்கின் ஓட்டை வழியாகத்தான் சூடான காற்று வெளியே போகும். புதுப் பெட்டியில் லாரியில் ஆயில் சிந்தாமலிருக்க அதை ஒரு ரப்பர் துண்டால் அடைத்து அனுப்புவார்கள், மாட்டியதும் பிடுங்கிவிட வேண்டும். ஒரு இடத்தில் சீல் ஒழுகுகிறது என்று மூன்று முறை ஆயில் சீல் மாற்றியிருந்தார்கள். கடைக்காரரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. நான் போய் ப்ரீதரைத் தேடினால் கண்ணில் படவில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் பட்டறை முழுக்கப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மோட்டார், கியர்பாக்ஸ், பிளக், நேம் பிளேட் எல்லாம் ஒரே பச்சை, அதற்கு மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். ப்ரீதர் ஓட்டை பெயின்டில் அடைத்து, உள்ளே காற்று அழுத்தம் ஏறி, ஆயிலுக்குச் சீல் வழியாகத்தான் வெளியே வர வழி இருந்திருக்கிறது. ஒரு ஊசியால் குத்தியதும் புஸ்ஸென்று சத்தம் வந்தது. நேம் பிளேட்டை மட்டும் தின்னர் வைத்து அரை மணி நேரம் துடைத்தோம், ரேஷியோவும் சீரியல் நம்பரும் தெரிகிற வரைக்கும்.